கீரையிடம் பொய் சொல்லாத அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், ஊர்க்காரர்களுக்கும், அம்மாவிடம் கீரை வாங்கிச் சமைத்த எல்லா வீட்டாருக்கும் மகள்கள் மூவரின் வணக்கம்.

கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவும் தங்கையும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். நடுவில் பிறந்தவளிடம் எந்த வேலையைத் தள்ளினாலும் ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ‘பொறுமையின் சிகரம்’, ‘சாந்த சொரூபி’ என்றெல்லாம் எழுதும்படி பெரியவர்கள் சிலர் சொல்லி அனுப்பினார்கள். மன்னிக்க வேண்டும். அம்மாவுக்குப் பொறுமை ரொம்பக் குறைவு. கரையான்சாவடியில் கடை போட்டிருந்தபோது, கட்டு சிறுத்திருக்கிறது என்று கீரையைத் தூக்கிப் போட்ட ஒரு பெண்மணியைப் பேருந்து நிறுத்தம் வரை விடாமல் பேசிக்கொண்டே பின்தொடர்ந்து போனவர் அவர். கடையை அதுவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். அம்மாவிடம் பொறுமைக்குப் பதிலாகப் பிடிவாதம் இருந்தது. அந்தப் பிடிவாதத்தில்தான் நாங்கள் மூவரும் ஆளானோம். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது பூந்தமல்லிக்கு மேற்கே, நேமம் போகும் வழியில் உள்ள சிற்றூர் ஒன்றில். தாத்தாவுக்கு மூத்தவர் மாமா, இளையவர் அம்மா. எட்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா பெரியவளானார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அம்மாவின் தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்று வெட்டி வந்து வாசலில் குடிசை கட்டினார். அதில் அம்மாவை உட்கார வைத்து, சீர்த்தட்டு பரப்பி, மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். குடிசை கட்டிய மாமனுக்கு ஒரு மகன் இருந்தால் அந்தப் பெண் அவனுக்குத்தான் என்பது யாரும் தனியாகப் பேச வேண்டாத விஷயம். அன்று ஆணியில் மாட்டிய பள்ளிக்கூடப் பையை அம்மா பிறகு எடுக்கவே இல்லை. சில வருடங்களில் அந்த மாமன் மகன் எங்கள் அப்பா ஆனார்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். தங்கை தவழும் வயதில் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. வாடகை அறையில் மூன்று பெண் குழந்தைகளோடு திகைத்து உட்கார்ந்திருந்த அம்மாவை ஊருக்கு அழைத்து வந்தவர் மாமா. தங்குவதற்கு ஓட்டு வீடு ஒன்றைச் சரிசெய்து கொடுத்தார். கிணற்றடி நிலத்தில் பயிர் வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த நிலத்தைத் தாத்தா சாகும்போது ‘இது என் பொண்ணுக்கு’ என்று வாயால் சொல்லியிருந்தார். காகிதத்தில் எல்லாம் மாமா பெயர்தான். மாமா அன்று வரவில்லை என்றால் நாங்கள் எங்கே போயிருப்போம் என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுதினால் நான் நன்றி கெட்டவள்.

அம்மா கீரை போட்டார். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை. மல்லிகை வைக்கச் சொன்னவர்களிடம், “பூவு மொட்டு வுடற வரைக்கும் என் புள்ளைங்க பட்டினி கெடக்குமா?” என்று கேட்டார். விதைத்த ஒரு மாதத்துக்குள் கைக்கு வருவது கீரைதான். காலையில் அறுத்துக் கட்டி, கூடையில் அடுக்கி, ஈரச் சாக்கு போர்த்திக் கரையான்சாவடிக்குப் போவார். பள்ளிக்கூடம் விட்டால் நாங்கள் பாத்தியில் இருப்போம்.

கீரைக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. தூரமான பெண், அதாவது மாதவிலக்கில் இருப்பவள், பாத்திக்குள் கால் வைத்தால் கீரை கருகிவிடும் என்பார்கள். அம்மா அதை முழுசாக நம்பினார். அந்த நாட்களில் அவர் வரப்பில் உட்கார்ந்து கட்டு கட்டுவதோடு சரி. பாத்திக்குள் நாங்கள்தான் இறங்குவோம். ‘அம்மா வரப்பில் இருக்கிறார்’ என்றால் அன்று பாத்திக்குள் இறங்க மாட்டார் என்று தங்கைக்குக்கூடத் தெரியும்.

அக்கா ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, தீபாவளி கழிந்த மழை நாளில் பெரியவளானாள். அம்மாவிடம் போய்ச் சொன்னாள். சந்தோஷத்தில் அம்மா ஊரைக் கூட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அம்மா எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டார்.

பின்பக்கத்துக் கீற்று மறைப்புக்குள் அக்காவை நிற்க வைத்தார். சொம்பை எடுத்தார். எடுத்தவர் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். புருஷனை இழந்தவள் பெரியவளான பெண்ணின் தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஊற்றினார். தலையைத் துவட்டிவிட்டு எங்கள் மூவரையும் அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“இது வெளிய போவக் கூடாது. முக்கியமா உங்க மாமா காதுக்குப் போவக் கூடாது. போச்சுன்னா அவரு குடிசை கட்ட வந்துடுவாரு. அவரு புள்ளைக்கு இவதான்னு முடிவு பண்ணி வெச்சுகினு கீறாரு.”

“மாமா பையன் நல்லவருதானேம்மா?” என்று நான் கேட்டேன்.

“உங்க அப்பாகூட நல்ல மனுசன்தான். இல்லன்னா சொன்னேன்? ஆனா அந்தக் குடிசைல நான் ஒக்காந்துகினு இருந்தப்ப, ‘உனக்கு இஷ்டமா’ன்னு ஒருத்தர் கேக்கல. இவள நான் கேக்கணும். கேட்டா பதிலு சொல்ற வயசு இவளுக்கு வரணும். அது வரைக்கும் வாய மூடிகினு இருங்க.”

அடுத்த சில மாதங்கள் ஒளிவு மறைவாகவே போயின. அக்காவின் துணிகளை வெளியே உலர்த்த முடியாது. அம்மாவின் புடவைக்கு அடியில், அடுப்புச் சூட்டில் காய வைத்தோம். மாமாவின் மனைவியான எங்கள் அத்தை அதே தெருவில் இருந்தார். நினைத்த நேரத்துக்கு வருவார். கேட்டின் கொக்கி சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். நான் துணிக்கொடியைப் பார்ப்பேன், அக்கா தன் பாவாடையைப் பார்ப்பாள், அம்மா “வாங்க அண்ணி” என்று சத்தமாகச் சிரிப்பார். தங்கைக்கு விஷயம் முழுசாகப் புரியவில்லை. அதனாலேயே எங்கள் எல்லோரையும்விட அவள் ரகசியத்தை நன்றாகக் காப்பாற்றினாள். சொந்தத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிருந்தோம். “உம் பொண்ணு இன்னும் ஆவலையா?” என்று ஒரு கிழவி கேட்டார். “எங்க, அது இன்னும் கொழந்தையாவே கீது” என்று அம்மா கண் இமைக்காமல் சொன்னார். பாயசம் எனக்குப் புரையேறிவிட்டது.

இப்படி ஊர் முழுவதற்கும் பொய் சொல்லத் துணிந்த அம்மா ஒரே ஒரு இடத்தில் சொல்லவில்லை. அது கீரையிடம். அந்த நாட்களில் அக்காவைப் பாத்திக்குள் இறங்க விடவில்லை. வரப்பில் உட்கார வைத்துக் கட்டு கட்டச் சொன்னார். “யாராச்சும் பாத்தா சந்தேகம் வருமேம்மா” என்று அக்காவே சொல்லிப் பார்த்தாள். “ஜனங்கள ஏமாத்தலாம். பயிர ஏமாத்தக் கூடாது” என்றார்.

மாட்டிக்கொண்டது அங்கேதான். பங்குனியில் ஒரு நாள் அத்தை நிலத்துக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் சேற்றில் நின்று சிறுகீரை பிடுங்கிக்கொண்டிருந்தோம். அக்கா வரப்பில் இருந்தாள்.

“உள்ள எறங்கி நல்ல கீரையா ரெண்டு புடி புடுங்கிக் குடு கண்ணு” என்றார் அத்தை, அக்காவைப் பார்த்து.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவசரமாக, “நான் தர்றேன் அண்ணி, அவ கட்டு கட்டட்டும்” என்றார்.

அத்தை அக்காவின் காலைப் பார்த்தார். எங்கள் எல்லோருக்கும் கணுக்கால் வரை சேறு. அக்காவின் கால் கழுவி வைத்தது மாதிரி இருந்தது. “போன மாசமும் இவ மேலதான ஒக்காந்துகினு இருந்தா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீரையை வாங்கிக்கொண்டு போனார். அம்மா பாத்திக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் குட்டியானை வண்டி ஒன்று எங்கள் வாசலில் நின்றது. வண்டி நிறையப் பச்சைத் தென்னங்கீற்று. பின்னால் அத்தை, சொந்தக்காரப் பெண்கள், சீர்த்தட்டுகள். மாமா வெள்ளைச் சட்டையில் இறங்கினார்.

“இன்னாமா, நல்ல சேதிய அண்ணனாண்ட சொல்லக் கூடாதா? நாலு பேரு சிரிக்கிற மாதிரி பண்ணிட்டியே. சரி, போனது போவட்டும். இன்னிக்கே கட்டிடலாம்.”

“கட்ட வேணாண்ணே. தண்ணி ஊத்தியாச்சு.”

“யாரு ஊத்துனது?”

“நான்தான்.”

வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயில் கை வைத்ததை நான் பார்த்தேன்.

“தாலி இல்லாதவ பொண்ணு தலையில தண்ணி ஊத்துனியா? அவ வாழ்க்கைய நீயே கெடுத்துட்டியே!”

“கெட்டுதோ நல்லாச்சோ, எம் பொண்ணு. ஒம் மேல எனக்குக் கோவம் இல்லண்ணே. ஒம் புள்ள மேலயும் இல்ல. அவ படிக்கட்டும். பதிலு சொல்ற வயசு வந்தா நீயே வந்து அவள கேளு. அவ சரின்னா எனக்கும் சரி.”

“பொண்ண கேக்கறதா? நம்ம ஊட்ல எந்தப் பொண்ண கேட்டுகினு முடிவு பண்ணாங்க?”

“என்னிய கேக்கல. அதான் சொல்றேன்.”

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அக்கா அவர் வீட்டுக்கு மருமகளாகப் போனால் நிலம் அம்மாவிடமே இருக்கும், யாரும் கேள்வி கேட்க முடியாது. தன் தங்கைக்குச் செய்யும் உதவியாகவே அவர் அதை நினைத்திருந்தார். அதைத் தட்டிவிட்டார் அம்மா. கூட வந்தவர்கள் முன்னால்.

“அப்படியா? எல்லாத்தையும் கேட்டுத்தான் செய்யணும்னா, என் நெலத்தையும் என்னிய கேட்டுத்தான் தொடணும்” என்றார். கீற்றுகளை வாசலிலேயே தள்ளிவிட்டு வண்டி போனது. அன்று சாயங்காலம் மோட்டார் கொட்டகையில் பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டார்.

கீரை வைத்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். வெயில் ஏறும் மாதத்தில் தண்ணீர் இல்லாத கீரை எத்தனை நாள் தாங்கும்? கிணற்றில் தண்ணீர் அதலபாதாளத்தில் கிடந்தது. கையால் இறைக்க முடியாது. வண்டிப் பாதைக்கு அந்தப் பக்கத்து நிலம் லூர்து அண்ணனுடையது. அவரிடம் போர்வெல் இருந்தது, பெரிய தொட்டியும் இருந்தது. அம்மா போய்க் கேட்டார்.

“தண்ணிக்கு இன்னாமா கேள்வி? மொண்டுகினு போ. ஆனா பைப்பு போட முடியாது. நடுவுல இருக்கற பாதை ஒங்க அண்ணன்து. பைப்பு வந்தா அறுத்துப் போட்ருவேன்னு வந்து சொல்லிட்டுப் போனாரு.”

அதனால் குடம். விடிந்ததிலிருந்து வெயில் ஏறுவதற்குள், மறுபடியும் வெயில் தாழ்ந்த பிறகு. தொட்டியில் மொண்டு, பாதையைத் தாண்டி, வரப்பேறி, பாத்திக்குள் இறங்கிப் பூவாளியில் ஊற்ற வேண்டும். வாசலில் கிடந்த கீற்றுகளை அம்மா ஒன்று விடாமல் நிலத்துக்கு இழுத்து வந்தார். கொம்பு நட்டு, இளம் பாத்திகளுக்கு மேலே அவற்றைப் பரப்பினார். அக்காவை உட்கார வைக்க வந்த கீற்று கீரைக்கு நிழலானது.

இருந்தும் ஓரப் பாத்திகள் மஞ்சளடிக்கத் தொடங்கின. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்.

“நான் மாமா ஊட்டுக்குப் போறேம்மா. சரின்னு சொல்லிடு.”

“கீரை இன்னும் நின்னுகினுதான கீது?”

“நிக்காதும்மா. எத்தினி நாளு? இது போச்சுன்னா சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுவ? இவங்க ரெண்டு பேரு படிப்பு?”

“நின்னா?”

“நின்னா போவல. கருகிச்சுன்னா போய்டுவேன். நீ தடுக்கக் கூடாது.”

அம்மா பூவாளியை நிரப்பிக்கொண்டு போனார். பதினைந்து வயசு கூட ஆகாத பெண் தன்னைக் கீரைப் பாத்தியில் பணயம் வைத்துவிட்டாள். அன்று முதல் ஒவ்வொரு இலை தலை தொங்கும்போதும் எனக்கு அக்கா போய்விடுவாள் என்று தோன்றியது. நான் ஓட்டமாக ஓடித் தண்ணீர் சுமந்தேன்.

அந்த ஓட்டத்தில்தான் எனக்கும் நேர்ந்தது. அக்காவுக்குத் தூரமான நாள் அது. அவள் தொட்டியிலிருந்து வரப்பு வரை குடத்தைக் கொண்டு வந்து வைப்பாள். அங்கிருந்து பாத்திக்குள் எடுத்துப் போக நானும் அம்மாவும் மட்டும்தான். தங்கை பூவாளி தூக்கும் அளவுக்கு வளரவில்லை. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாதிப் பாத்திகள் இன்னும் நனையவில்லை. வரப்பில் குனிந்து குடத்தை எடுக்கும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. குடத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

“இன்னாடி நிக்கிற? வெயிலு வருது பாரு!” என்று அம்மா பாத்திக்குள்ளிருந்து கத்தினார்.

அக்கா என் பாவாடையைப் பார்த்துவிட்டு, “அம்மா, இவளும்” என்றாள்.

அம்மா வரப்பேறி வந்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். பிறகு திரும்பி, நனையாத பாத்திகளைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. எனக்குப் பயத்தில் அழுகை வந்தது. நான் இறங்காவிட்டால் அம்மா ஒருத்தியால் வெயிலுக்குள் முடிக்க முடியாது, பாதிக் கீரை வாடும். இறங்கினால் என் கால் பட்டு எல்லாக் கீரையும் கருகும். எப்படியானாலும் அக்கா போய்விடுவாள், காரணம் என் உடம்பு. அந்த வயதில் எனக்கு அப்படித்தான் புரிந்தது.

அம்மா அங்கே இருந்த குடத்தைத் தூக்கி என் தலையில் ஊற்றினார். மஞ்சள் இல்லை, தட்டு இல்லை. லூர்து அண்ணன் தொட்டித் தண்ணீர். எனக்கு மூச்சுத் திணறியது.

“வூட்டுக்குப் போய் துணி வெச்சுகினு வா. வந்து எறங்கு.”

“பாத்திக்குள்ளயாம்மா?”

“ஆமா.”

“கருகிடும்மா…”

“தண்ணி இல்லன்னாலும்தான் கருகப் போவுது. எறங்கு. நீயும் எறங்குடி” என்று அக்காவையும் பார்த்துச் சொன்னார். அக்கா அசையவில்லை. “கருகுனா ரெண்டு பேரும் என்னிய திட்டுங்க. இப்ப எறங்குங்க.”

சொல்லிவிட்டு அம்மா கீரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் நம்பிக்கையை உதறிவிட்டு எங்களை இறக்கவில்லை. நம்பிக்கொண்டேதான் இறக்கினார். அதனால்தான் எனக்கு அது பெரிய விஷயம். அம்மாவும் நாங்கள் இருவரும் குடமும் பூவாளியுமாக எல்லாப் பாத்தியையும் நனைத்து முடித்தோம். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் காலுக்கடியில் ஏதோ பொசுங்குவது மாதிரியே எனக்கு இருந்தது. சாயங்காலமும் ஊற்றினோம்.

மறுநாள் விடியும்போது எல்லோரும் சேர்ந்தே போனோம். “இங்கியே இருங்க” என்று எங்களை வண்டிப் பாதையில் நிறுத்திவிட்டு அம்மா மட்டும் முன்னால் போனார். நானும் அக்காவும் நடந்த பாத்தியில் குனிந்தார். புறங்கையால் இலைகளைத் தடவிப் பார்த்தார். அடுத்த பாத்தி. அதற்கடுத்தது. நாங்கள் மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மா கடைசிப் பாத்தி வரை போய்த் திரும்பினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நின்னுகினு இன்னா வேடிக்கை? கத்திய எடுத்தாங்க. இன்னிக்கு அறுப்பு” என்றார்.

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அதன் பிறகு எங்கள் வீட்டுப் பெண்கள் யாரையும் எந்த நாளிலும் அம்மா வரப்பில் நிற்க வைக்கவில்லை.

கீரை காய்ந்திருக்கும் என்று எண்ணிச் சில நாள் கழித்து மாமா நிலத்துக்கு வந்தார். பச்சையாக நின்ற பாத்திகளைப் பார்த்தார். மேலே இருந்த பந்தலைப் பார்த்தார்.

“இது நான் வெட்டியாந்த கீத்துதான?”

“ஆமாண்ணே. நல்ல கீத்து. நெழலு நல்லா வுழுது” என்றார் அம்மா.

மாமா சிரிக்கவில்லை. “கையில இருக்கறத அறுத்துகினு காலி பண்ணிடு” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அறுத்து முடித்துக் காலி செய்தார். தாத்தா தனக்கென்று சொன்ன நிலத்தை விட்டு வெளியே வரும்போது அம்மா அழவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். அழுதார். கிணற்றுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். இன்று அங்கே கிணறு இல்லை. மனை போட்டு, கல் நட்டு, வீடுகள் வந்துவிட்டன.

லூர்து அண்ணன் தன் நிலத்தில் ஓர் ஓரத்தைக் குத்தகைக்கு விட்டார். சாகும் வரை அம்மா கீரை போட்டது அங்கேதான். அக்கா பாலிடெக்னிக் படித்து, அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். நான் முகப்பேரில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். தங்கை அம்மாவோடு பாத்தியில் நின்றவள், இன்றும் நிற்கிறாள். அக்காவுக்கு ஒரு வரன் வந்தபோது அம்மா எல்லோர் முன்னாலும், “உனக்கு இஷ்டமா?” என்று கேட்டார். அக்கா, “யோசிச்சுச் சொல்றேம்மா” என்றாள். ஒரு மாதம் யோசித்தாள். “கேட்டது தப்பாப் போச்சு” என்று அம்மா அந்த மாதம் முழுக்கப் பாத்திரங்களிடம் திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் காத்திருந்தார். மாமாவின் மகன் ஆவடியில் குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார். அந்தக் கல்யாணப் பேச்சில் தன்னையும் யாரும் கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்தார்.

மாமா மட்டும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. தெருவில் எதிரே வந்தால் அம்மா ஒதுங்கி வழிவிடுவார். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். போன வருடம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. மருத்துவமனையில் படுத்துக்கொண்டு, எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று தங்கையை அதட்டிக்கொண்டிருந்தார். கடைசி வாரத்தில் ஒரே ஒரு முறை, “எங்க அண்ணன் எப்படி கீறாராம்?” என்று கேட்டார். நலம் என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மாவைக் கிடத்தியிருந்த அன்று மறுபடியும் அந்தப் பழைய பதற்றம். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வராமல் ஒரு பெண்ணை எடுக்க மாட்டார்கள். கொண்டுவர வேண்டியவர் அண்ணன். ஆள் போய்ச் சொல்லி வெகுநேரம் ஆகியிருந்தது. வெயில் ஏறியது. பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். “வரலன்னா எம் புடவைய போடறேன். எங்கம்மாவ யாருக்காகவும் காக்க வெக்க மாட்டேன்” என்று அக்கா சொல்லிவிட்டாள். எனக்குள் பழைய கோபம் எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. வராமலே போகட்டும் என்று நினைத்தேன்.

மாமா வந்தார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு, தடுமாறித் தடுமாறி வந்தார். கையில் துணிக்கடைப் பை. வெள்ளைப் புடவையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பிரித்தபோது கீரைப் பச்சை. “நேரமாவுது, போடுப்பா” என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். மாமா அம்மாவின் பக்கத்தில் போகவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்று, கூட்டத்தில் அக்காவைத் தேடினார்.

“கண்ணு, போடட்டுமா?” என்று கேட்டார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

“போடுங்க மாமா. உங்களுக்காகத்தான் அம்மா காத்துகினு கீறாங்க” என்றாள்.

மாமா புடவையைப் போர்த்திவிட்டு, அம்மாவின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை அங்கிருந்து எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அம்மாவைக் குளிப்பாட்ட மகள்கள் மூவரும் தண்ணீர் ஊற்றினோம். யார் ஊற்றலாம், யார் கூடாது என்று யாரும் கேட்கவில்லை.

தொட்டியைத் திறந்துவிட்ட லூர்து அண்ணனுக்கும் அவர் வீட்டாருக்கும், கடைசி நாட்களில் அம்மாவின் அதட்டலைச் சிரித்துக்கொண்டே தாங்கிய செவிலியர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்கு வேளை தவறாமல் சோறு அனுப்பிய தெருக்காரர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். மாமாவுக்கும்தான். இதை எழுதுவதற்கு முன்னால் அவரைப் போய்க் கேட்டேன். “பியூஸ் கட்டைய புடுங்குனதும் எழுதப் போறியா?” என்றார். “ஆமாம் மாமா” என்றேன். “கீத்து நான் வெட்டுனதுன்னும் எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

நினைவு நாள் சாப்பாடு கீரைப் பாத்திக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. குடும்பத்தோடு வாருங்கள், பெண் பிள்ளைகளை அவசியம் அழைத்து வாருங்கள். போகும்போது கீரை வேண்டியவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் பாத்திக்குள் இறங்கி நீங்களே பிடுங்கிக்கொள்ளலாம். எந்த நாளாக இருந்தாலும் இறங்கலாம்.